டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்காங்க

இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி விழும். ‘நாளை காலை 9.30 மணிக்கு வட்டார வள மையத்தில் நடைபெறும் பயிற்சியில் 1 முதல் 3 வகுப்பு கையாளும் ஆசிரியர்கள் தவறாது கலந்துகொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் விடுப்பு இல்லை. மிக அவசரம்.’ கீழே நாலு பேர் கும்பிடும் கையைப் போடுவார்கள். ஐந்தாவதாக ஒருவர் ‘நன்றி அய்யா’ என்பார். அந்த நன்றி எதற்கு என்பது 33 வருட சர்வீஸில் எனக்கு விளங்கவே இல்லை.

1991-இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து 2024-இல் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். என் பள்ளி ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. ஐந்தை இரண்டால் வகுத்தால் ஈவு 2, மீதி 1 என்று மூன்றாம் வகுப்பில் சொல்லித் தருகிறோம். அந்த மீதியை யார் பார்த்துக்கொள்வது என்று சட்டத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. பயிற்சி நாளில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். ஐந்தை ஒன்றால் வகுக்க வேண்டும். மீதியே வராது.

பள்ளியின் இன்னோர் ஆசிரியரான டீச்சர் காலையில் பஸ் ஏறிவிடுவார். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்துக்கு வந்துவிடும். காலை உணவு வந்ததா, வருகை ஆப்பில் ஏறியதா, சத்துணவுக்கு எத்தனை பேர், நேற்று கேட்ட புள்ளிவிவரத்தை இன்று பதினொரு மணிக்குள் ஏன் அனுப்பவில்லை என்று போன் வந்தபடி இருக்கும். முதல் வகுப்பை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் விட்டுவிடுவேன். அவளுக்கு எந்த வள மையமும் பயிற்சி கொடுத்ததில்லை. குச்சியை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் எங்களைப் பார்த்துக் கற்றிருந்தாள். யாராவது பெற்றோர் வந்து எட்டிப் பார்த்தால் முதல் வகுப்புப் பிள்ளைகளே கோரஸாகச் சொல்லும்: ‘டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்காங்க!’ என் பள்ளிப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

சரி, டீச்சர் அங்கே என்ன செய்துகொண்டிருப்பார்? என் முறை வந்தபோதெல்லாம் நானும் போயிருக்கிறேன், சொல்கிறேன்.

வட்டார வள மையம் என்று பெயர். வளம் எங்கே என்று கேட்கக் கூடாது. எண்பது ஆசிரியர்களுக்கு முப்பது நாற்காலி இருக்கும். மிச்சப் பேர் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார வேண்டும். 9.30 என்பது 10.45. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் வருகையைப் பதிய ஒரு லிங்க், அடுத்து ப்ரீ டெஸ்டுக்கு ஒரு லிங்க். இரண்டும் திறக்காது. ‘நெட் இருக்கறவங்க ஹாட்ஸ்பாட் போடுங்க சார்’ என்று ஒரு குரல் கேட்கும். இப்படித்தான் எங்கள் ஒன்றியம் டிஜிட்டல் யுகத்துக்குள் நுழைந்தது, பக்கத்து பெஞ்சு டீச்சரின் ரீசார்ஜில்.

பிறகு ஐஸ் பிரேக்கர். கொளுத்தும் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, உடைப்பதற்கு ஐஸ் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஐஸ் வைக்கத் தெரிந்த அளவுக்கு நம் இலாகாவில் யாருக்கும் ஐஸ் உடைக்கத் தெரியாது. அதனால் கற்றுத் தருகிறார்கள்போல. 56 வயது டீச்சர், மூட்டு வலியோடு, இரண்டு கையையும் காது மாதிரி வைத்துக்கொண்டு முயலாகக் குதிப்பார். அதை ஒருவர் வீடியோ எடுத்துக் குழுவில் போடுவார். ‘அருமை’ என்று மேலிடத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.

அடுத்தது குழுச் செயல்பாடு. மல்லி, முல்லை, ரோஜா, தாமரை என்று பெயர். ஒரு குழுவுக்கு ஒரு சார்ட், இரண்டு ஸ்கெட்ச் பேனா. கையெழுத்து நன்றாக உள்ள புது டீச்சர் தரையில் மண்டியிட்டு எழுதுவார். மற்றவர்கள் சுற்றி நின்று ஊர்க்கதை பேசுவார்கள். கடைசி பெஞ்சில் சேலைப் பை ஒன்று கைமாறும், சீட்டுப் பணம் எண்ணப்படும். காலையிலேயே பிற்பகலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நைசாக நழுவிய மகாத்மாக்களையும் எனக்குத் தெரியும். அரசாங்கத்தைத் திட்டும்போது எங்கள் ஆட்களை விட்டுவிட்டால் அது நியாயமாகாது. சில பேருக்குப் பயிற்சி நாள் என்பது கையெழுத்தோடு கூடிய விடுமுறை.

பயிற்சி நடத்தும் கருத்தாளர் எழுந்து பேசுவார். விரிவுரை முறை காலாவதியாகிவிட்டது என்று மூன்று மணி நேரம் விரிவுரை ஆற்றுவார். ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை உடையது, ஒரே அளவுச் சட்டை எல்லாருக்கும் பொருந்தாது என்பார். மலை மேல் ஒன்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும், டவுனில் முந்நூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் கையில் ஒரே பயிற்சிக் கட்டகம் கொடுத்திருப்பார். கேள்வி கேட்கும் மனப்பான்மையைக் குழந்தையிடம் வளர்க்க வேண்டும் என்பார். பின்னால் இருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால், ‘சார், டைம் இல்ல, மாட்யூல முடிக்கணும்’ என்பார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவரும் ஒரு காலத்தில் நல்ல ஆசிரியர்தான். ஆசிரியப் பயிற்றுநர் என்று பதவி கொடுத்து, பள்ளிகளில் கழிவறைக் கதவையும் குடிநீர்க் குழாயையும் எண்ணிப் படிவத்தில் ஏற்ற வைத்திருக்கிறார்கள். கட்டகமே அவர் கைக்கு முந்தின நாள் ராத்திரிதான் வந்திருக்கும். சென்னையில் மாநிலக் கருத்தாளருக்குச் சொல்வார்கள். அவர் மாவட்டத்துக்குச் சொல்வார். மாவட்டம் ஒன்றியத்துக்குச் சொல்லும். ஒன்றியம் எங்களுக்குச் சொல்லும். சென்னையில் கறந்தது பாலாகவே இருக்கட்டும். மாவட்டத்தில் அது மோர். ஒன்றியத்தில் நீர்மோர். எங்கள் பெஞ்சுக்கு வருவது மோர்ப் பானையைக் கழுவி ஊற்றிய தண்ணீர். அதையும் இரண்டு கையால் ஏந்திக் குடித்துவிட்டு ‘அருமை’ என்று சொல்ல வேண்டும்.

மாலை நாலரைக்கு போஸ்ட் டெஸ்ட். காலையில் கேட்ட அதே கேள்விகள்தான். பதிலைக் கருத்தாளரே வாசித்துவிடுவார். காலையில் பாதி மார்க் எடுத்த ஒன்றியம் மாலையில் ஏறக்குறைய முழு மார்க் எடுத்துவிடும். ஒரே பகலில் அறிவு இரட்டிப்பாகும் இந்த வித்தையைப் பிள்ளைகளிடம் காட்டத் தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தினோம்!

இதில் பெரிய வேடிக்கை, பயிற்சிகளின் பரம்பரை. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வந்தது. நான் சேர்ந்த மூன்றாம் வருடம் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமான டிபிஇபி வந்தது. புதிய நூற்றாண்டோடு அனைவருக்கும் கல்வித் திட்டமான எஸ்எஸ்ஏ வந்தது. 2018-இல் அது வேறு திட்டங்களோடு சேர்ந்து சமக்ர சிக்ஷா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறும்போதெல்லாம் பேனர் மாறியது. பெஞ்சு மட்டும் அதேதான்.

ஒவ்வொரு பயிற்சியும் முந்தின பயிற்சியை மறக்கச் சொல்லித்தான் தொடங்கும். 2007-08-இல் செயல்வழிக் கற்றலை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அதில் சரக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ரிஷி பள்ளத்தாக்கில் முளைத்து, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேர் பிடித்த முறை அது. பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறும், அட்டையைத் தானே எடுக்கும், ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பாயில் உட்காருவார். தரையில் உட்கார்ந்த பிறகுதான் எத்தனை பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. ஆனால் வேர் பிடிக்க அங்கே சில வருடம் கொடுத்தவர்கள், எங்களுக்குச் சில நாள் கொடுத்தார்கள். தட்டு, அட்டை, கீழ்மட்டக் கரும்பலகை, கம்பிப் பந்தல் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளை படிக்கிறதா என்று பார்க்க யாரும் குனியவில்லை.

அது கொஞ்சம் பழகிய நேரத்தில், 2012-13-இல், முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. செயல்பாட்டுக்கு மார்க் போட வேண்டும், அதற்குப் பதிவேடு வேண்டும், பதிவேட்டுக்குப் பயிற்சி வேண்டும். பாடம் நடத்தும் நேரத்தில் நான் பிள்ளைகளுக்கு மார்க் கற்பனை செய்துகொண்டிருந்தேன். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது லட்சியம். கொரோனாவில் இரண்டு வருடம் வீட்டில் கிடந்த பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் பருவத்துக்குப் பருவம் பயிற்சி, பயிற்சிக்குப் பயிற்சி படம், அதற்கு மேல் ஆப்பில் மதிப்பீடு. எங்கள் மீது நம்பிக்கை போதாமல் 2023-இல் பி.எட். மாணவர்களை அனுப்பி எங்கள் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றுப் பெற்றுத் தேய்ந்தவனைப் பயிற்சியில் இருப்பவன் வந்து சரிபார்த்தான்.

டெல்லிக்காரர்கள் சளைத்தவர்களா? 2019-இல் நிஷ்தா என்று ஒன்றைத் தொடங்கி, 42 லட்சம் ஆசிரியர்களுக்கு உலகத்திலேயே பெரிய பயிற்சி என்று பறை அறைந்தார்கள். அடுத்த வருடமே அது கைபேசிக்குள் வந்துவிட்டது. சமையலறை மேடையில் வீடியோ ஓடியது, பக்கத்து அடுப்பில் சாம்பார் கொதித்தது, வினாடி வினா விடைகள் வாட்ஸ்அப்பில் வந்தன, சான்றிதழ் வந்தது. சாம்பார் நன்றாக இருந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நாம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்காக 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததாகத் தமிழ்நாடு சண்டை போட்டது. சண்டை நியாயமானதுதான். ஆனால் எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு சர்க்காருக்கும், ஆசிரியரைப் பள்ளியிலிருந்து பிடித்து வந்து பெஞ்சில் உட்கார வைப்பதில் மட்டும் கட்சி பேதமே கிடையாது.

ஏன் இந்த ஒற்றுமை? ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு ஒரு ஆய்வுக் கூட்டத்தில்தான் விளங்கியது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று அதிகாரி கொதித்தார். ஒரு தலைமையாசிரியர் எழுந்து, ‘அய்யா, என் பள்ளியில ஒரு வருஷமா ஒரு பணியிடம் காலி’ என்றார். அதிகாரி நிமிரவே இல்லை. ஃபைலைப் புரட்டி, ‘உங்களுக்கு எத்தனை நாள் ட்ரெய்னிங் கொடுத்திருக்கோம், தெரியுமா?’ என்று கேட்டார்.

அவ்வளவுதான். பயிற்சி என்பது ரசீது. பொருளைக் கொடுத்துவிட்டோம், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய், இனி பிள்ளை படிக்காவிட்டால் குற்றம் உன்னுடையது. ஆசிரியரை நியமித்தால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், இன்க்ரிமென்ட் கொடுக்க வேண்டும், அவர் சங்கத்தில் சேர்ந்து கொடி பிடிப்பார். பயிற்சிக்கு ஒரு கூடம், ஒரு பேனர், தலைக்கு ஒரு டீ போதும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பயிற்சியை அந்தப் பிரிவில் சேர்க்க முடியாது. அது கல்விப் பணி. பிள்ளை இல்லாத இடத்தில், பாடம் நடத்தாமல் செய்யும் கல்விப் பணி.

எல்லாப் பயிற்சியும் வீண் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்கு வசதிதான். ஆனால் ஒரு நாள் குறுக்கே நிற்கிறது.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளிகள் கூடும் குறுவள மையக் கூட்டம். புதிதாக வந்த ஒரு பயிற்றுநர். பிபிடி ஓடவில்லை, கரண்ட் இல்லை. மனுஷன் கட்டகத்தை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, ‘உங்க கிளாஸ்ல எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் படிக்க வராத பிள்ளை யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. ஏன் வரலன்னு நீங்க நினைக்கிறீங்க?’ என்றார். கூடத்தில் சத்தமே இல்லை. அந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு ஒரு டீச்சர் பேசினார். க, ட், ட, ம் என்று எழுத்தை எல்லாம் தனித்தனியாகச் சொல்லும் பையன், சேர்த்துக் ‘கட்டம்’ என்று சொல்ல மாட்டேன் என்கிறான் என்றார். என் வகுப்பிலும் ஒருத்தி அப்படி இருந்தாள். பக்கத்துப் பள்ளி டீச்சர் தான் செய்ததைச் சொன்னார். புத்தகத்தை மூடிவிட்டு அவன் வாயால் என்ன சொல்கிறானோ அதையே பலகையில் எழுதினாராம். ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு’ என்றானாம். போட்டது என்று திருத்தாமல் போட்டுச்சு என்றே எழுதிக் காட்டியதும், என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கே முன்பே தெரியும் என்பதால், கை வைத்து ஓட்டமாக வாசித்துவிட்டானாம். எழுத்து என்பது தன் பேச்சுதான் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்ததாம்.

அன்று ஐந்தரை மணிக்கும் யாரும் எழவில்லை. சேலைப் பை கைமாறவில்லை. திங்கட்கிழமை நான் என் பள்ளியில் அதைச் செய்து பார்த்தேன். என் வகுப்புப் பெண் சொன்ன வாக்கியம் ‘அப்பா குடிச்சுட்டு வந்து தட்ட ஒதச்சாரு.’ பலகையில் எழுதக் கை நடுங்கியது. எழுதினேன். அவள் வாசித்தாள்.

அந்தப் பயிற்றுநருக்கு அடுத்த வாரம் மெமோ வந்தது. கட்டகம் முழுமையாக நடத்தப்படவில்லை, புகைப்படங்கள் பதிவேற்றப்படவில்லை, போஸ்ட் டெஸ்ட் வைக்கப்படவில்லை. மூன்று நாளுக்குள் விளக்கம் தேவை. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒழுங்காக முயல் விளையாட்டோடு வந்தார்.

இப்போது என்னோடு வேலை பார்த்த டீச்சரின் கதை. 2004-இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்தார். இலாகா கூப்பிட்ட எந்தப் பயிற்சியையும் தவற விட்டதில்லை. கர்ப்பமாக இருந்தபோதும் அந்தக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தவர். வீட்டில் அட்டைப் பெட்டி நிறையச் சான்றிதழ் வைத்திருக்கிறார். 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், பழைய ஆட்களாக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது. 150 கேள்வி, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் அந்தத் தேர்வு முதல்முறை நடந்தபோது, எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

டீச்சர் போன் செய்தார். ‘சார், இத்தனை வருஷ சர்டிபிகேட் எதையாச்சும் கணக்குல எடுத்துப்பாங்களா?’ என்று கேட்டார்.

எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அம்மா. இந்த வேலைக்கு நீங்கள் தகுதியானவரா என்ற கேள்வி வந்தபோது, இருபது வருடம் இலாகாவே தந்த அத்தனை காகிதமும் ஊறுகாய் மடிக்கக்கூட ஆகவில்லை. பிள்ளை படிக்காதபோது ‘உனக்குப் பயிற்சி கொடுத்தோமே’ என்று நீட்டியவர்கள், உங்கள் தகுதியைக் கேட்கும்போது ‘இவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம்’ என்று அதே காகிதத்தை நீட்டினால் செல்லாது. ரசீது கொடுத்தவனுக்குத்தான் அது ரசீது. பட்டியில் கட்டி இருபது வருடம் தவிடு காட்டிவிட்டு, இப்போது ‘இது மாடுதானா என்று பரிசோதிக்க வேண்டும்’ என்கிறார்கள். தேர்வு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இருபது வருடம் இலாகா நடத்தியது என்ன என்றுதான் கேட்கிறேன். இதைக் கேட்டால், தகுதித் தேர்வுக்கு ஒரு பயிற்சி வைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் ஒரு பின்னூட்டப் படிவம் தருவார்கள். ‘இப்பயிற்சி தங்களுக்கு எவ்வாறு இருந்தது?’ மிகவும் பயனுள்ளது, பயனுள்ளது, ஓரளவு பயனுள்ளது. நாலாவது கட்டம் கிடையாது. கீழே ‘பரிந்துரைகள்’ என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். ஓய்வு பெறப் போகும் வருடம், இனி என்ன மெமோ வந்துவிடும் என்ற தைரியத்தில், அந்த இடத்தில் எழுதினேன்: ‘என் பள்ளிக்கு இன்னும் ஓர் ஆசிரியர் தேவை.’

ஒருங்கிணைப்பாளர் பின்னாலேயே ஓடி வந்தார். நல்ல பையன், என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். ‘சார், இதுல பயிற்சியைப் பத்தி மட்டும்தான் எழுதணும். நீங்க இப்படி எழுதினா நான் பதில் சொல்லணும்’ என்று சொல்லிப் புதுப் படிவம் ஒன்றைக் கையில் வைத்தான்.

‘மிகவும் பயனுள்ளது’ என்பதில் டிக் போட்டுக் கொடுத்தேன். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.